மாலுமியின் இரண்டு கையெழுத்துக்கள்

சென்ற மாதத்தில் ஒரு நாள் காலை, தூத்துக்குடிப் பக்கத்து வாலிபர் ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். வயது முப்பது இருக்கலாம். பாட்டனார் தோணியில் தண்டலாக இருந்தவர். தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இவரோ முறைப்படி பயிற்சி பெற்று, அன்னியக் கொடி பறக்கும் சரக்குக் கப்பலொன்றில் மாலுமியாக அமர்ந்து, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பிக் கொண்டிருந்தவர். வலக்கையைத் துண்டால் மூடியபடியே பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில் துண்டு நழுவிற்று. அந்தக் கையில் மூன்று விரல்கள் இல்லை.

அயல்நாட்டுத் துறையொன்றில் கப்பலைக் கட்டும்போது நேர்ந்த விபத்து அது. நம் தோணிக்காரர்கள் ஆலாத்து என்று சொல்லும் பெருங்கயிறு அளவுக்கு மேல் இறுகி, அறுந்து தெறித்துவிட்டது. கயிறு பழசாகிவிட்டதென்று சாரங்கு முன்பே சொல்லியிருந்தாராம். கரையில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, விமானமேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர் வந்தபின், ஆள் சேர்த்துக் கொடுத்த ஏஜெண்டு அவரை மும்பைக்கு வரவழைத்து, ஒரு தொகையைக் கையில் கொடுத்து, ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக் கொண்டார். அக்காகிதத்தின் நகலையும், வேலையில் சேருமுன் கையெழுத்திட்ட உடன்படிக்கையையும் நம் மேஜைமேல் வைத்து, "ஐயா, இரண்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. இனிமேல் நான் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். மெய்தானா?" என்றார்.

பத்திரிகைத் தொழிலில் இறங்குமுன் நாமும் சில காலம் கோர்ட்டுப் படி ஏறியவர்களாதலால், இரண்டு காகிதங்களையும் வாங்கி வாசித்தோம். அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். 2021-ம் வருஷத்தில் கப்பல் முதலாளிகளின் சங்கங்கள் எடுத்த கணக்கின்படி, உலகத்துக் கப்பல்களுக்கு மிகுதியாக ஆட்களைக் கொடுக்கும் ஐந்து தேசங்களில் இந்தியாவும் ஒன்று. அந்த வாலிபர் கேட்ட கேள்வி அவர் ஒருவருடைய கேள்வியன்று.

கப்பல் விபத்து என்றவுடன் நேயர்களின் மனத்தில் தோன்றுவது புயலும், பனிப்பாறையும், மூழ்கும் கப்பலுமே. 1912-ம் வருஷத்தில் முழுகிய டைட்டானிக்கைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அது முழுகிய நிமிஷத்தோடு அதன் சிப்பந்திகளுக்குச் சம்பளம் நின்றுபோயிற்று என்பதையும், கப்பல் போனால் சம்பளமும் போம் என்பதே அன்றைய பிரிட்டிஷ் சட்டம் என்பதையும் பேசுவோர் சிலரே. அது நிற்க. மாலுமிகளின் உயிரையும் அங்கத்தையும் கொள்ளை கொள்ளும் விபத்துக்களிற் பல எந்தப் பத்திரிகைக்கும் எட்டாதவை. கப்பலின் நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறையை எடுத்துக்கொள்வோம். அங்கே விஷவாயு எதுவும் இல்லை, இரும்புதான் இருக்கிறது. ஆனால் மூடிய அறையில் இரும்பு துருப்பிடிக்குந்தோறும் காற்றிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடுகிறது. நிலக்கரியும் மரமும் ஏற்றிய கிடங்குகளிலும் இதே கதைதான். உள்ளே இறங்குபவனுக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. இரண்டு மூச்சில் நினைவிழந்து விழுகிறான். மேலிருப்பவன் தோழனைத் தூக்குவதற்கென்று பதறி இறங்குகிறான், அவனும் விழுகிறான். ஒருவன் சாகவேண்டிய இடத்தில் மூவர் சாவது இப்படித்தான். கயிறு தெறிப்பது, ஏணி நழுவுவது, ஒத்திகைக்காக இறக்கும் உயிர்ப்படகு கொக்கி கழன்று வீழ்வது ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

கரையில் ஆலைத் தொழிலாளி ஒருவனுக்குக் கை போனால், அவன் மாலையில் வீடு போகிறான். உடன் வேலை செய்தவர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். யந்திரம் அங்கேயே நிற்கிறது. மாலுமியின் நிலைமை அப்படியன்று. ஆபத்தான வேலையென்று தெரிந்தாலும் மறுத்துவிட்டு எழுந்து போக அவனுக்கு வழியில்லை. நாலு பக்கமும் தண்ணீர். டாக்டர் இல்லாத கப்பலே அதிகம். அடுத்த துறையில் அவனை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விடும். அதனுடன் அறுந்த கயிறும் போய்விடும், கண்ணால் கண்ட சாட்சிகளும் போய்விடுவார்கள். நடந்ததை எழுதிவைக்கும் நாட்குறிப்பு காப்டனிடம் இருக்கிறது. காப்டனோ முதலாளியின் சம்பளத்தில் இருக்கிறார்.

இந்த வித்தியாசத்தைப் பழைய காலத்தவர் அறியாதவரல்லர். பிரான்ஸ் தேசத்தின் மேற்குக் கரையை அடுத்துள்ள ஒலெரோன் என்ற தீவின் பெயரால் வழங்கும் கடற் சட்டங்கள் சுமார் எண்ணூறு வருஷங்களுக்கு முந்தியவை. கப்பல் வேலையில் காயம் பட்டவனைக் கப்பல் செலவிலேயே குணப்படுத்த வேண்டும் என்பது அவற்றில் ஒரு விதி. ஒருவன் நோயுற்றால், காப்டன் அவனைக் கரையில் இறக்கி, தங்க இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும்; இரவில் வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி கொடுக்க வேண்டும்; பணிவிடைக்குக் கப்பற் பையன் ஒருவனை வைக்க வேண்டும், அல்லது கூலிக்கு ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும்; கப்பலில் அவன் உண்ட அளவு உணவு தர வேண்டும். நல்ல தீனி வேண்டுமென்றால் அது அவன் சொந்தச் செலவு! கப்பல் அவனுக்காகக் காத்திராது. ஆனால் பிழைத்தால் சம்பளம் அவனுக்கு, இறந்தால் அவன் மனைவி மக்களுக்கு. குடித்துவிட்டுக் கரையில் சண்டையிட்டு அடிபட்டவனுக்கு மாத்திரம் இந்தச் சலுகை இல்லை. மெழுகுவர்த்தியைக்கூட மறவாமல் எழுதிவைத்தவர்கள் கடலையும் அறிந்தவர்கள், முதலாளிகளையும் அறிந்தவர்கள் என்றே நாம் கருதுகிறோம்.

போஷணையும் சிகிச்சையும் என்று கப்பல் வக்கீல்கள் இன்று குறிப்பிடும் பாத்தியதை இதுதான். யாருடைய தவறென்று இதில் கேள்வியே இல்லை. மாலுமியே அஜாக்கிரதையாக இருந்தாலும் கிடைக்கும். இப்பாத்தியதை அமெரிக்க தேசத்தின் கோர்ட்டுகளில் மிக விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. நமது வாலிபரின் இரண்டு கையெழுத்துக்களுக்கும் சமானமான இரண்டு வழக்கு வரிசைகள் அங்கே இருப்பதால், அத்தேசத்துச் சட்டத்தையே இங்கு நாம் முக்கியமாக எடுத்துக் கொள்கிறோம்.

1823-ம் வருஷத்தில் ஜட்ஜு ஸ்டோரி முன் ஒரு வழக்கு வந்தது. மாலுமிகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், கப்பலின் மருந்துப் பெட்டியில் உள்ளதற்கு மேல் மருந்தோ வைத்தியமோ வேண்டுமானால் அவரவர் செலவிலேயே செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு ஷரத்து நுழைக்கப்பட்டிருந்தது. முதலாளியின் வக்கீல் அந்தக் கையெழுத்தைக் காட்டினார். ஸ்டோரி அதை ஏற்கவில்லை. மாலுமிகள் ஏழைகள், துணையற்றவர்கள், பின்விளைவை யோசியாதவர்கள். பிறர் ஆதிக்கத்தில் இருப்பவர்கள். ஆகையால் அவர்களுடைய பழைய உரிமையைக் குறைக்கும் ஷரத்து எதுவாயினும், அதற்கு ஈடான லாபம் அவர்களுக்குக் கிடைத்ததாகக் காட்டினாலொழிய, கடல் நியாயஸ்தலம் அதை அநியாயமென்றே தள்ளும் என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். மைனர் சொத்தைக் கோர்ட்டு பாதுகாப்பதுபோல மாலுமியையும் பாதுகாக்க வேண்டும் என்றார். வளர்ந்த ஆண்மக்களைக் குழந்தைகளுக்கு ஒப்பிட்டது நமக்கு ரசிக்கவில்லை. புயலில் பாய்மரம் ஏறுகிறவனா மைனர்? ஆயினும் அந்த ஒப்புமையால் விளைந்த நியாயம் நல்ல நியாயம்.

அந்த நியாயம் நோய்க்கும் காயத்துக்குந்தான். மாலுமியின் சுதந்திரத்துக்கு அது எட்டவில்லை. 1890-களில் அராகோ என்ற கப்பலில் சேர்ந்த மாலுமிகள் நால்வர், வேலை பிடிக்காமல் ஆரிகன் மாகாணத்துத் துறையொன்றில் இறங்கிப் போய்விட்டார்கள். சர்க்கார் அவர்களைப் பிடித்து, கப்பல் புறப்படும்வரை காவலில் வைத்து, பின் பலவந்தமாகக் கப்பலில் ஏற்றியது. அடிமைத்தனத்தை ஒழித்த தேசத்தில் இது செல்லுமா என்று கேட்டார்கள். செல்லும் என்று 1897-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. கையெழுத்திட்ட மாலுமி சாதாரண மனிதனைப்போல் வேலையை விட்டுப் போக முடியாதாம். ஜட்ஜு ஹார்லன் ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் மாலுமிச் சங்கத்தை நடத்திய ஆண்ட்ரூ பியூருசெத் என்பவர் வருஷக்கணக்காக மன்றாடி, 1915-ல் லபோலெட் சட்டம் வந்தபிறகே இந்தக் கொடுமை நீங்கிற்று.

இனி நஷ்டஈட்டுக்கு வருவோம். சிகிச்சை வேறு, நஷ்டஈடு வேறு. கை போனவனுக்குக் காயம் ஆறும்வரை சோறும் மருந்தும் கொடுத்துவிட்டால், ஆறிய பிறகு அவன் என்ன செய்வான்? 1896-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஆஸியோலா என்ற கப்பல் மிஷிகன் ஏரியில் மில்வாக்கித் துறைக்கு மூன்று மைல் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. துறை சேர்ந்தவுடன் சரக்கை இறக்கிவிட வேண்டுமென்ற அவசரத்தில், எதிர்க்காற்றில் கப்பல் ஓடும்போதே பக்கவாட்டுப் பலகைக் கதவைப் பாரந்தூக்கியால் தூக்கும்படி காப்டன் கட்டளையிட்டார். காற்று அக்கதவைப் பிடித்துத் திருப்பிற்று. பாரந்தூக்கி சாய்ந்து மாலுமி ஒருவர்மேல் விழுந்தது. 1903-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிய முடிவாவது: கப்பலோ அதன் கருவிகளோ கடலோடத் தகுதியற்றிருந்தால் நஷ்டஈடு உண்டு, காப்டனோ உடன் மாலுமியோ செய்த அஜாக்கிரதைக்கு நஷ்டஈடு கிடையாது, போஷணையும் சிகிச்சையும் மட்டுமே. இங்கே கருவி பழுதில்லை, பழுது கட்டளையில். ஆதலால் அடிபட்டவர் தோற்றார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து லபோலெட் சட்டத்தில் இதைத் திருத்த ஓர் ஏற்பாடு செய்தார்கள். மேலதிகாரியை உடன் வேலைக்காரனாகக் கருதலாகாது என்று எழுதினார்கள். அதே வருஷக் கடைசியில் லக்கன்பாக் கப்பலொன்றின் கொதிகலத் தீயாள் ஒருவர், பலத்த காற்றில் மேல்தட்டில் வேலை செய்யுமாறு ஏவப்பட்டு, அலை அடித்து வீழ்ந்து, கால் முறிந்து, அந்தக் காலையும் எடுக்க நேர்ந்தது. 1918-ல் தீர்ப்பு வந்தது. சட்டம் எழுதியவர்கள் தவறான பூட்டைத் திறந்துவிட்டார்களாம்! மேலதிகாரி உடன் வேலைக்காரனோ அல்லனோ, அஜாக்கிரதைக்கு நஷ்டஈடே கிடையாதென்பது வேறு விதியாம். காலில்லாத மனிதர் வெறுங்கையோடு போனார். வக்கீல்கள் இத்தகைய தீர்ப்பைப் படித்து மெச்சக்கூடும். நமக்கு அது கூடவில்லை.

அதன் பிறகே 1920-ம் வருஷம் ஜூன் மாதம் 5-ந் தேதி ஜோன்ஸ் சட்டம் பிறந்தது. வாஷிங்டன் மாகாணத்து செனட்டர் வெஸ்லி ஜோன்ஸ் கொணர்ந்த இச்சட்டம் உள்நாட்டுக் கடல் வியாபாரத்தை அமெரிக்கக் கப்பல்களுக்கே ஒதுக்கியதனால் பெயர் பெற்றது. அதனுள் 33-வது பிரிவாக ஒரு சிறு வாசகம் இருந்தது. 1908-ம் வருஷத்துச் சட்டத்தால் ரயில்வேத் தொழிலாளிகளுக்குக் கிடைத்த உரிமைகள் யாவும் மாலுமிக்கும் உண்டு. முதலாளியின் அல்லது அவர் ஆட்களின் அஜாக்கிரதையைக் காட்டி, ஜூரியின் முன் நஷ்டஈடு கேட்கலாம். ஆஸியோலாவின் மாலுமிக்கு மறுக்கப்பட்டது பதினேழு வருஷம் கழித்துப் பிறருக்குக் கிடைத்தது. கப்பலின் தகுதியின்மை என்ற பழைய வாசலும் பின்னர் அகன்றது. 1944-ம் வருஷத்து வழக்கொன்றில், சாரங்கட்ட நல்ல கயிறு கப்பலில் வேண்டிய மட்டும் இருந்தும், அதிகாரி ஒருவர் இரண்டு வருஷமாகப் பெட்டியில் கிடந்து இற்றுப்போன கயிற்றை எடுத்துக் கொடுத்தார். சாரம் அறுந்து மாலுமி விழுந்தார். நல்ல கயிறு இருந்ததே என்ற வாதம் பலிக்கவில்லை. கையில் கொடுத்த கயிறு இற்றதாயின் கப்பல் தகுதியற்றதே என்றது கோர்ட்டு. நம் தூத்துக்குடி வாலிபரின் சாரங்கு சொன்ன சொல்லை நேயர்கள் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

உரிமை கிடைத்தவுடன் அதை விலைக்கு வாங்குகிறவர்களும் வந்துவிட்டார்கள். காயம் பட்ட மாலுமி கரையேறியதும், முதலாளியின் ஆள் ஒருவர் நூறு இருநூறு டாலரோடு அவன் படுக்கையருகே வந்து, ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது வழக்கமாயிற்று. அதுவே நாம் சொல்லும் இரண்டாவது கையெழுத்து. 1942-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த வழக்கில் விலை 100 டாலர். வலி தணிக்கும் மருந்தின் மயக்கத்தில் இருந்தேன், கையெழுத்திடாவிட்டால் ஜெயில் என்று மிரட்டினார்கள், அந்த 100 டாலரைச் சம்பளப் பாக்கி என்றே நினைத்தேன் என்பது மாலுமியின் சாட்சியம். மோசடி என்று சொல்லுகிறவனே மோசடியை ருசுப்பிக்க வேண்டும் என்று கீழ்க் கோர்ட்டு தள்ளிவிட்டது. சுப்ரீம் கோர்ட்டு அதைத் தலைகீழாக்கியது. மாலுமியின் விடுதலைப் பத்திரத்தைக் காட்டுகிற முதலாளியே, அது வஞ்சனையின்றி, வற்புறுத்தலின்றி, தன் உரிமை இன்னதென்று மாலுமி முற்றும் அறிந்து எழுதிக் கொடுத்தது என்பதை ருசுப்பிக்க வேண்டும். கொடுத்த தொகை போதுமானதா, அவனுக்கு வக்கீல் ஆலோசனை கிடைத்ததா என்பனவற்றையும் கோர்ட்டு பார்க்கும் என்று தீர்ப்பாயிற்று. ஸ்டோரியின் குரல் நூற்றிருபது வருஷம் கழித்து மறுபடியும் கேட்டது என்று சொல்லலாம்.

இரண்டாவது கையெழுத்தைச் சட்டம் இவ்வாறு சந்தேகக் கண்ணோடு பார்க்கக் கற்றுக்கொண்டது. முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. முதல் கையெழுத்துக்குத் திரும்பிவிட்டார்கள். காயம் பட்டபின் வாங்கும் கையெழுத்துச் செல்லாதென்றால், காயம் படுமுன்பே, வேலைக்கு ஆளாய்ப் பறக்கும் நாளிலேயே வாங்கிவிட்டால் போயிற்று! வழக்கை எந்தக் கோர்ட்டுக்கும் கொண்டுபோகாமல், இன்ன தேசத்தில் இன்ன சட்டப்படி மத்தியஸ்தத்துக்கே விடுகிறேன் என்று உடன்படிக்கையில் ஒரு ஷரத்து. பியூருசெத் இந்த ஆபத்தையும் முன்கூட்டி அறிந்திருந்தார். அமெரிக்க மத்தியஸ்தச் சட்டம் 1925-ல் நிறைவேறுமுன் அவர் ஆட்சேபித்ததன் பேரிலேயே, மாலுமிகளின் வேலை உடன்படிக்கைகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று அதன் முதற் பிரிவிலேயே எழுதப்பட்டது. அவர் 1938-ல் காலமானார். அவருடைய அஸ்தியைக் கடலிலேயே தூவினார்கள். அவர் போட்ட வேலி மாத்திரம் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

2003-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி காலை, நார்வே என்ற பெரிய உல்லாசப் பிரயாணக் கப்பல் அமெரிக்காவின் மயாமித் துறையில் வந்து நின்ற சற்று நேரத்தில், அதன் கொதிகலங்களில் ஒன்று வெடித்தது. ஒரு காலத்தில் பிரான்ஸ் என்ற பெயரோடு பிரெஞ்சு தேசத்தின் பெருமையாக ஓடிய கப்பல் அது. பிரயாணிகளுக்கு ஆபத்தில்லை. கப்பலாட்கள் எட்டுப் பேர் மாண்டார்கள். வேறு பலர் காயமடைந்தார்கள். கொதிகலத்தை நடத்தியதிலும் பேணியதிலும் பரிசோதித்ததிலும் குறை இருந்ததென்று அமெரிக்க விபத்து விசாரணைக் குழு பின்னர் கண்டது. பிலிப்பைன் தேசத்து மாலுமிகளும், இறந்தவர்களின் குடும்பத்தாரும் வழக்குத் தொடர்ந்தார்கள். வெடித்த இடம் அமெரிக்கத் துறை. ஜோன்ஸ் சட்டத்தின் தாயகம். ஆனால் அவர்கள் தங்கள் தேசத்தில் வேலைக்கு அமர்ந்தபோது கையெழுத்திட்ட உடன்படிக்கையில் பிலிப்பைன் தேசத்திலேயே மத்தியஸ்தம் என்ற ஷரத்து இருந்தது. 2005-ல் அப்பீல் கோர்ட்டு அந்த ஷரத்தை உறுதி செய்துவிட்டது. 1925-ம் வருஷத்து வேலி உள்நாட்டு மத்தியஸ்தத்துக்கு மட்டுமே. சர்வதேச ஒப்பந்தத்தின்படி நடக்கும் மத்தியஸ்தத்துக்கு அது இல்லையாம். கையெழுத்திடு அல்லது வீட்டுக்குப் போ என்ற நிலையிலே இட்ட கையெழுத்து இது என்று மாலுமிகள் வாதித்தார்கள். அவ்வாதத்தை இந்த ஒப்பந்தத்தின் கீழ்க் கேட்கவே இடமில்லை என்று பதில் கிடைத்தது. அக்காலத்துப் பிலிப்பைன் மாதிரி உடன்படிக்கைப்படி ஒரு மாலுமியின் மரணத்துக்கு 50,000 டாலர். 21 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒருவருக்கு 7,000 டாலர் வீதம் நான்கு பிள்ளைகள் வரை. சொந்தக்காரக் கம்பெனி 2008-ல் கிரிமினல் அஜாக்கிரதையை ஒப்புக்கொண்டு பத்து லட்சம் டாலர் அபராதம் செலுத்தியதையும், பாதிக்கப்பட்டவர்களுக்குப் பரிகாரத் தொகை கொடுக்கும்படி கிரிமினல் கோர்ட்டு உத்தரவிட்டதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஜூரியின் முன் நின்று கேட்கும் உரிமை, ஒருவரும் கொதிகலத்தைக் காணுமுன்பே, எங்கோ ஒரு மேஜையின்மேல் எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது.

2011-ல் இன்னுங் கொஞ்ச தூரம் போனார்கள். நிகராகுவா தேசத்து மாலுமி ஒருவர் மயாமியைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கப்பலில் குப்பை மூட்டை தூக்கி முதுகு ஒடிந்தார். அவர் நிகராகுவாவிலேயே, பகாமாத் தீவுச் சட்டப்படி மத்தியஸ்தம் செய்துகொள்ள வேண்டியதென்று தீர்ப்பு. எதற்குப் பகாமா? கப்பலின் கொடி அது. துணி மாற்றுவதுபோல் மாற்றக் கூடிய கொடி மாலுமியின் முதுகுக்கு விலை நிர்ணயிக்கிறது!

ஸ்டோரி 1823-ல் தள்ளியது முதற் கையெழுத்தை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அன்று மருந்துச் செலவை மாலுமி தலையில் கட்டிய ஷரத்து. இன்று கோர்ட்டு வாசலையே அடைக்கும் ஷரத்து. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இட்ட கையெழுத்தைச் சந்தேகிக்கும் சட்டம், ஏஜெண்டின் மேஜையில் இட்ட கையெழுத்தை ஏன் வேதவாக்காகக் கொள்ள வேண்டும்? முன்னதில் மனிதன் வலியில் இருந்தான் என்பார்கள். பின்னதில் அவன் கடனில் இருந்தான். பயிற்சிக்காக வீட்டை அடமானம் வைத்தவன் ஷரத்துக்களைப் பேரம் பேசுவானா?

நம் தேசத்துச் சட்டம் இவ்விஷயத்தில் வெட்கப்பட வேண்டியதில்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு, ஒருவனுடைய ஆதிக்கத்தில் இருப்பவன் செய்த உடன்படிக்கை பார்வைக்கே அநியாயமாகத் தோன்றுமானால், நேர்மையாய் நடந்தது என்று ருசுப்பிக்கும் பாரம் ஆதிக்கமுடையவன்மேல் என்கிறது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1942-ல் சொன்னதற்கு இது அதிக தூரமன்று. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்லிற்று: நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த உடன்படிக்கையும், முந்தியதோ பிந்தியதோ, அந்த மட்டில் செல்லாது. மாலுமிகளுக்கென்று அதில் 15-வது பிரிவு தனியே இருந்தது. கப்பலிலேயே நேர்ந்த விபத்துக்கு நோட்டீசு கொடுக்கவேண்டியதில்லை. கப்பல் எல்லோருடனும் மூழ்கிப் போனால், மூழ்கிய தேதியிலிருந்து பதினெட்டு மாதம் வரை குடும்பத்தார் மனுச் செய்யலாம். இச்சட்டம் 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. ஆனால் 1923-ம் வருஷத்துச் சட்டத்தில் மாலுமிக்குத் திறந்த வாசலின்மேல், கப்பல் இந்தியாவில் பதிவானதாக இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அன்னியக் கொடிகளின் கீழ் வேலை செய்கிறார்கள். அவர்கள் இந்தியாவில் பிறந்து, இந்தியாவில் பயின்று, இந்திய சர்க்காரின் லைசென்ஸ் பெற்ற ஏஜெண்டின் மூலம் இந்தியாவிலேயே கையெழுத்திடுகிறவர்கள். கொடி ஒன்று மாத்திரம் அன்னியம்.

2006-ம் வருஷத்துச் சர்வதேச கடல் தொழிலாளர் ஒப்பந்தத்தை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி காயம் பட்ட மாலுமிக்குச் சிகிச்சையும் சம்பளமும் குறைந்தது பதினாறு வாரம் தரவேண்டும். அங்கஹீனத்துக்கும் மரணத்துக்கும் உடன்படிக்கையில் கண்ட தொகைக்கு இன்ஷியூரன்ஸ் ஜாமீன் இருக்கவேண்டும். அதன் பத்திரத்தைக் கப்பலில் எல்லோரும் பார்க்குமிடத்தில் ஒட்டவேண்டும். குறைந்த தொகையை வாங்கிக்கொள் என்று நெருக்கக் கூடாது என்றும், அத்தொகையைப் பெறுவதால் வேறு சட்ட உரிமைகள் கெடா என்றும் 2017-ம் வருஷம் ஜனவரி முதல் அமுலுக்கு வந்த திருத்தம் கூறுகிறது. நம் வாலிபர் இதில் ஒரு வார்த்தையையும் கேள்விப்பட்டதில்லை. அப்பத்திரம் உணவுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்ததாக நினைவு என்றார். இங்கிலீஷில் சிறு எழுத்தாயிருந்ததால் படிக்கவில்லை என்றார்.

1958-ம் வருஷத்துக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் பார்லிமெண்டு புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. அதன் கீழ் விதிகள் வகுப்பவர்களிடம் நாம் கேட்பது ஒரு வாசகந்தான். இந்தியாவில் ஆள் சேர்க்கப்பட்ட மாலுமி, கப்பலின் கொடி எதுவாயினும், உடன்படிக்கையில் என்ன எழுதியிருந்தாலும், காயத்துக்கும் மரணத்துக்கும் இந்தியக் கோர்ட்டில் வழக்காடலாம் என்று அது ஐயத்துக்கிடமின்றிச் சொல்லவேண்டும். விதியால் முடியாதென்றால் சட்டத்திலேயே எழுதட்டும். இதனால் அன்னியக் கப்பல் முதலாளிகள் இந்தியரை விட்டு வேறு தேசத்தாரைத் தேடிப் போய்விடுவார்கள் என்று பயமுறுத்துவார்கள். 1920-க்கு முன் அமெரிக்காவிலும் கப்பல் தொழில் அழிந்துபோம் என்றுதான் பயமுறுத்தினார்கள். நம் மாலுமிகளைத் திறமைக்காக அன்றி, கேள்வி கேளாமைக்காக வைத்திருப்பவர் உண்டென்றால், அவர் போவதில் நமக்கு வருத்தமில்லை.

அந்த வாலிபருக்கு நாம் கூறியது இவ்வளவே. மும்பையில் இட்ட கையெழுத்து முடிவானதன்று. அது நேர்மையாய்ப் பெறப்பட்டதா என்பதற்கு ஏஜெண்டு பதில் சொல்லட்டும். வேலையில் சேர்ந்தபோது இட்ட கையெழுத்தே கடினமானது. எதிர்த் தரப்பார் மத்தியஸ்த ஷரத்தைக் காட்டாமல் இருக்கமாட்டார்கள், அதன்மேல் வாதம் நடக்கும். ஆனால் 2018-ம் வருஷம் ஏப்ரல் முதல் அமுலில் உள்ள கடல் வழக்குச் சட்டப்படி, கப்பலை நடத்துவதில் நேர்ந்த உயிர்ச் சேதத்துக்கும் காயத்துக்கும் அந்தக் கப்பலின்மேலேயே முன் பாத்தியதை உண்டு. சம்பளப் பாக்கிக்கு அடுத்த ஸ்தானம் அதற்குத்தான். கப்பல் நம் கரைக்கு வந்தால் சென்னை ஐகோர்ட்டின் உத்தரவு பெற்று அதை நிறுத்திவைக்கக் கேட்கலாம். நகரவேண்டுமானால் சொந்தக்காரர் ஜாமீன் கட்டவேண்டும். இந்தப் பாத்தியதைக்கு ஆயுள் ஒரு வருஷம். சாரங்கு எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, கயிற்றைப் பற்றி அவர் கைப்பட எழுதி வாங்கும்படியும் சொன்னோம். ஆஸ்பத்திரிச் சீட்டுக்களில் ஒன்றையும் தொலைக்கவேண்டாம் என்றும் எச்சரித்தோம்.

அவர் இடது கையால் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். எழுத்து இன்னும் படியவில்லை. கடல் வழக்குகளை நடத்தும் சென்னை வக்கீல் நண்பர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். கப்பல் அடுத்த மாதம் நம் கரையோரத் துறையொன்றைத் தொடும் என்று அதிலிருக்கும் சிநேகிதர் அவருக்குத் தெரிவித்திருக்கிறாராம். விபத்து நடந்து எட்டு மாதம் ஆகிறது.